கேன்டீனை ஒப்பந்தத்துக்கு விடும் முன் ஒரு தராசு வாங்குங்கள்

கேன்டீன் டெண்டர் கோப்பு உங்கள் மேசைக்கு வந்துவிட்டால், பேனாவை எடுக்கும் முன் பாரிமுனைக்குப் போய் 5 கிலோ வரை நிறுக்கும் மின்னணுத் தராசு ஒன்று வாங்குங்கள். அரசு முத்திரை போட்ட தராசாக இருக்கட்டும். நாளைக்கு ஒப்பந்ததாரர் வந்து, "உங்க தராசுல கோளாறு மேடம்" என்று சொல்ல இடம் வைக்கக் கூடாது.

வடசென்னையில் தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே இருக்கும் ஓர் அரசுப் பணிமனையில் 31 ஆண்டு வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். 2013 முதல் 2022 வரை கேன்டீன் குழுச் செயலாளர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. மூன்று ஷிப்ட், 412 பேர். அந்தக் காலத்தில் நான்கு முறை டெண்டர் விட்டோம். முதல் இரண்டு முறை தவறு செய்தோம். அந்தத் தவறுக்கு விலை கொடுத்தவர்கள் சாப்பிட்டவர்களும் சமைத்த பையன்களும்தான். கோப்பில் கையெழுத்துப் போட்ட எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி அம்மா உணவகத்தைத் தொடங்கியது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். ஏழைகளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அது மாநகராட்சி தன் பணத்தைப் போட்டு நடத்துவது. எங்கள் சங்கக் கூட்டத்தில் அதைத்தான் அளவுகோலாகக் காட்டினார்கள். "மேடம், ரோட்டுக்கு அந்தாண்ட ஒரு ரூபாய்க்கு இட்லி குடுக்குறாங்க. நமக்கு இன்னாத்துக்கு நாலு ரூபா?" என்று ஃபிட்டர் ஒருவர் கேட்டார். பதில் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. அந்த ஆண்டு டெண்டரில் இட்லி 2 ரூபாய் என்று போட்டவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

மூன்றாம் மாதம் இட்லி சிறுத்தது. ஐந்தாம் மாதம் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. பிறகு எண்ணெய் கறுத்தது. எட்டாம் மாதம் ஒருநாள் விடியற்காலை 5.40க்குப் போன் வந்தது. 6 மணி ஷிப்டுக்கு டீ இல்லை, ஒப்பந்ததாரர் போனை எடுக்கவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தால், ஸ்டோர் ரூமில் நான்கு பையன்கள் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒடிசா கஞ்சம் மாவட்டத்துப் பிள்ளைகள். இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. ஊருக்குப் போக ரயில் காசு இல்லை. எடை குறைவது, குழம்பு தண்ணியாவது, எண்ணெய் கறுப்பது, சம்பளம் நிற்பது என்று நான் பார்த்த எல்லாக் கேன்டீன்களும் இதே வரிசையில்தான் சாய்ந்தன. ஆரம்பமும் ஒன்றுதான்: நடக்க முடியாத விலையை நாம் ஏற்றுக்கொள்வது.

உங்கள் இடம் எந்தச் சட்டத்தில் வருகிறது

இதை முதலில் தெளிவு செய்துகொள்ளுங்கள். வெறும் அலுவலகம் என்றால் கேன்டீன் ஒரு நலத்திட்டம். பணிமனை, அச்சகம், மின்நிலையம் போலத் தொழிற்சாலைக் கணக்கில் வரும் இடம் என்றால் கேன்டீன் சட்டக் கடமை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அந்த எண் 100. ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதில் சேர்த்தி. காவலுக்கும் துப்புரவுக்கும் வெளி ஆட்கள் 30 பேர் இருந்தால் அவர்களையும் எண்ணுங்கள். அவர்களுக்கும் அதே மேசையில் அதே விலையில் சாப்பாடு என்று தாளில் எழுதுங்கள். எங்கள் இடத்தில் முதல் சில ஆண்டுகள் துப்புரவுப் பெண்களுக்குத் தனி விலை இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

சட்டப்படியான கேன்டீன் லாபத்துக்கு நடப்பது இல்லை. கட்டட வாடகை, பாத்திரம், மேசை நாற்காலி, தண்ணீர், விளக்கு ஆகிய செலவுகளைச் சாப்பாட்டு விலையில் ஏற்றாமல் நிர்வாகம் தாங்க வேண்டும். இது தெரியாமல் சில இடங்களில் கேன்டீனைச் சைக்கிள் ஸ்டாண்டு மாதிரி ஏலம் விடுகிறார்கள். யார் அதிக மாத வாடகை தருகிறாரோ அவருக்குச் சாவி. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மாதம் 20,000 ரூபாய் வாடகை வாங்கினால் அந்த 20,000 வெல்டரின் தட்டிலிருந்துதான் வரும், வேறு எங்கிருந்தும் வராது.

துறைமுகம், சுங்கம், பெரம்பூர் ரயில்வே மாதிரி மத்திய அரசு இடமாக இருந்தால் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளும் ஜெம் (GeM) என்ற மத்திய அரசின் இணையக் கொள்முதல் தளமும் உங்களுக்கு வழி. மாநில அரசு இடம் என்றால் 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டு விதிகளும். நான் பழகியது இரண்டாவது. கீழே சொல்வதெல்லாம் அந்தப் பழக்கத்தில் வந்தது.

தலையை எண்ணுங்கள், பிறகு சமைத்துப் பாருங்கள்

வருகைப் பதிவேட்டில் 412 பேர் இருக்கலாம். கேன்டீனில் சாப்பிடுகிறவர்கள் 412 பேர் இல்லை. மூன்று வாரம் டோக்கனை எண்ணினோம். மதியச் சாப்பாடு சராசரி 180, காலை டிபன் 150, வடை 300, டீ 620. நைட் ஷிப்டில் சாப்பாட்டைவிட டீதான் அதிகம். மாதக் கடைசியில் சாப்பாடு குறைந்து டிபன் ஏறும். கார்த்திகையில் பாதிப் பேர் மாலை போட்டிருப்பார்கள், முட்டை விற்காது. ஆடி வெள்ளியும் அமாவாசையும் அப்படித்தான். ரம்ஜான் மாதம் மாலை 6 மணிக்குப் பிறகு டீயும் சமோசாவும் இரட்டிப்பாகும். இந்த ஏற்ற இறக்கத்தை டெண்டர் தாளோடு ஒரு பக்கமாக இணைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் விலை போடுகிறவர் 412 சாப்பாடு என்று நினைத்து விலை போட்டுவிட்டு, 180ஐப் பார்த்ததும் உங்களைக் குற்றம் சொல்வார். அவர் சொல்வதில் நியாயமும் இருக்கும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மீன் குழம்பு வேண்டும். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது மீன் விலை எங்கேயோ போய்விடும். ஆண்டு முழுக்க ஒரே விலை என்று மீன் குழம்பைப் பட்டியலில் போட்டால், அந்த இரண்டு மாதம் என்ன மீன் வரும், எத்தனை நாள் ஐஸில் கிடந்தது வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 'தடைக்காலத்தில் மீனுக்குப் பதில் முட்டைக் குழம்பு, விலை தனி' என்று ஒரு வரி போதும்.

பிறகு சமையுங்கள். 2016இல் மூன்றாவது டெண்டருக்கு முன் இதைச் செய்தோம். தண்டையார்பேட்டையில் கல்யாணச் சமையல் செய்யும் பெரியவர் ஒருவரை இரண்டு நாள் கூப்பிட்டு, சந்தை விலைக்குச் சாமான் வாங்கிக் கொடுத்து, எங்கள் அடுப்பில் எங்கள் பாத்திரத்தில் செய்யச் சொன்னோம். சங்கத்திலிருந்து இருவர், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், நான். எல்லாவற்றையும் எடை போட்டோம். இட்லி அரிசி 4 கிலோவும் முழு உளுந்து ஒரு கிலோவும் அரைத்ததில் பதினொன்றரைக் கிலோ மாவு. 45 கிராம் இட்லியாக 235 வந்தது. ஒரு கிலோ புழுங்கலரிசி 2 கிலோ 700 கிராம் சாதமானது. ஒரு லிட்டர் பாலுக்கு அரை லிட்டர் தண்ணீர் சேர்த்து 100 மில்லி டம்ளரில் 14 டீ. அதற்கு மேல் இழுத்தால் டீ இல்லை, வெந்நீர்தான் என்று பெரியவர் சொன்னார்.

முதல் நாளே அவர் சொன்ன இன்னொன்று எங்கள் கண்ணைத் திறந்தது. சாம்பாருக்குப் போட்ட துவரம்பருப்பு ஒரு மணி நேரமாகியும் வேகவில்லை. "தண்ணிய மாத்துங்கம்மா. இந்த போர் தண்ணில பருப்பு சாயந்தரம் வரைக்கும் கல்லாத்தான் கெடக்கும்" என்றார். அத்தனை ஆண்டும் சாம்பாரில் பருப்பு இல்லை என்று ஒப்பந்ததாரர்களுக்கு மெமோ கொடுத்துக்கொண்டிருந்தோம். பாதிக் குற்றம் எங்கள் குழாயில் இருந்தது. வடசென்னையில் கடலோரமாக இருக்கும் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. சமையலுக்குக் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு, நாளைக்கு இத்தனை லிட்டர், லாரி வராத நாளுக்குத் தொட்டியில் இத்தனை இருப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

இரண்டு நாள் முடிவில் அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து ஒவ்வொரு பண்டத்தின் அடக்க விலையும் எங்கள் கையில் இருந்தது. அந்தத் தாளைச் சங்க அலுவலகத்தில் ஒட்டினோம். பழைய ஃபிட்டர் வந்து நின்று நிதானமாகப் படித்தார். "அப்ப ரெண்டு ரூபா இட்லின்றது நம்ம பசங்க வயித்துலதான் அடிச்சதா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு விலையைப் பற்றிச் சங்கத்தோடு எனக்குச் சண்டையே வரவில்லை. விலை அதிகம் என்றால் மானியத்தை ஏற்றுங்கள் என்று நிர்வாகத்திடம்தான் கேட்டார்கள். அது கேட்க வேண்டிய இடம்.

டெண்டர் தாள்

பண்டத்தின் பெயரை மட்டும் எழுதாதீர்கள், எடையை எழுதுங்கள். இட்லி ஒன்று 45 கிராம். மெதுவடை 40 கிராம். பொங்கல் 250 கிராம், முந்திரி இல்லாவிட்டாலும் மிளகும் நெய்யும் இவ்வளவு. அளவுச் சாப்பாட்டில் சாதம் 450 கிராம், சாம்பார் 150 மில்லி, பொரியல் 80 கிராம், மோர் 150 மில்லி. மாஸ்டரின் கரண்டி மாறினால் அளவு மாறிவிடும். கரண்டியையும் டம்ளரையும் நிர்வாகமே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

எண்ணெய் அக்மார்க் முத்திரை போட்டது, பாக்கெட்டில் வந்தது. பொரித்த எண்ணெயில் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அளக்கக் கருவி இல்லாவிட்டால், அன்றைய எண்ணெய் அன்றோடு, மிச்சம் தனி டின்னில், எடுத்துப் போகிறவரின் ரசீது கோப்பில் என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுப்புக்கு 19 கிலோ வணிக சிலிண்டர் மட்டும். வீட்டு சிலிண்டர் உள்ளே வந்தால் ஒப்பந்தம் ரத்து என்பதில் தயவே காட்டாதீர்கள். தனி உரிமம் இல்லாமல் 100 கிலோ வரைதான் கேஸ் வைக்கலாம். அதாவது ஒரே நேரத்தில் ஐந்து சிலிண்டருக்கு மேல் வளாகத்தில் இருக்கக் கூடாது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 14 வகைக்குத் தடை. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அதில் அடக்கம். பேப்பர் கப்தானே என்று பலர் நினைக்கிறார்கள். எவர்சில்வர் டம்ளர், பார்சலுக்கு வாழை இலை. டம்ளர் கழுவ ஓர் ஆள் கூடுதலாக வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் சொல்லிவிடுங்கள்.

இப்போது விலை ஒப்பீடு. இங்கேதான் 2014இல் நாங்கள் இரண்டாவது முறை விழுந்தோம். பட்டியலில் 22 பண்டம். ஒவ்வொருவரும் போட்ட 22 விலையையும் கூட்டி, கூட்டுத்தொகை குறைந்தவருக்குக் கொடுத்தோம். அவர் பாதாம்பால் 2 ரூபாய், ரவா கேசரி 1 ரூபாய், வெஜிடபிள் பிரியாணி 10 ரூபாய் என்று போட்டிருந்தார். டீயும் வடையும் மற்றவர்களைவிட ஒன்றரை ரூபாய் அதிகம். கூட்டுத்தொகையில் அவர்தான் முதல். இரண்டு ஆண்டில் ஒருநாள்கூடப் பாதாம்பாலை நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. தினமும் அறுநூறு டீயில் ஒன்றரை ரூபாய் போய்க்கொண்டே இருந்தது. விதிப்படி எல்லாம் சரி என்பதால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆகவே ஒவ்வொரு விலையையும் தினசரி விற்பனை எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். டீ விலையை 620ஆல், வடை விலையை 300ஆல், சாப்பாட்டை 180ஆல். பாதாம்பால் விற்பதே இல்லை என்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எந்த முறையில் ஒப்பிடுவீர்கள் என்பதை டெண்டர் தாளிலேயே சொல்லிவிட வேண்டும். உறை பிரித்த பிறகு மாற்றினால் கோர்ட்டில் நிற்காது, நிற்கவும் கூடாது.

2019இல் எங்கள் கணக்கு: டீ 8 ரூபாய், வடை 8, டிபன் 30, சாப்பாடு 40. நாளுக்கு 19,060 ரூபாய். 312 வேலை நாளுக்கு ஏறக்குறைய 60 லட்சம். 2 கோடிக்கு உட்பட்ட டெண்டர் என்பதால் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். நான் 25 நாள் கொடுத்தேன். சின்னக் கேட்டரிங் நடத்துகிறவர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் தாள் தயார் செய்ய நாள் வேண்டும். ஆண்டு வரவு 5 கோடி, பத்து ஆண்டு அனுபவம் என்றெல்லாம் தகுதி வைத்தால் ஊர் முழுக்கக் கேன்டீன் எடுத்திருக்கும் இரண்டு மூன்று பேர் மட்டுமே வருவார்கள். 150 பேருக்கு ஓராண்டு தொடர்ந்து சமைத்திருந்தால் போதும் என்று வைத்தோம், ஒன்பது பேர் வந்தார்கள்.

அடுப்படியில் நிற்பவர்களின் சம்பளம்

இந்தப் பகுதியை அவசரமாகக் கடக்காதீர்கள்.

கேன்டீனுக்கு எத்தனை ஆள் வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள். எங்களுக்கு 11 பேர்: மாஸ்டர் இருவர், சரக்கு மாஸ்டர் ஒருவர், டீ மாஸ்டர் ஷிப்டுக்கு ஒருவராக மூவர், சப்ளையர் மூவர், பாத்திரம் கழுவ இருவர். இவர்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, பி.எஃப், இ.எஸ்.ஐ சேர்த்து மாதம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகைக்குக் கீழே கூலி காட்டும் விலைப்புள்ளி தள்ளுபடி என்று எழுதுங்கள். இ.எஸ்.ஐ.யில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. பி.எஃப் இரு பக்கமும் 12. இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியும் என்பது ஒப்பந்ததாரருக்குத் தெரிந்தாலே பாதிப் பிரச்சினை வராது.

இ.எஸ்.ஐ. எண் ஏன் முதல் நாளே வேண்டும் என்பதற்கு எனக்கு ஒரு பையனின் கை சாட்சி. கொதிக்கும் சாம்பார் அண்டாவை இறக்கும்போது பிடி வழுக்கி முழங்கை வரை கொட்டிவிட்டது. பத்தொன்பது வயது. ஆட்டோவில் ஸ்டான்லிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், அங்கே உடனே பார்த்தார்கள். ஆனால் அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். இ.எஸ்.ஐ. இருந்திருந்தால் வேலைக்குப் போக முடியாத அந்த இரண்டு மாதமும் கொஞ்சமாவது பணம் வந்திருக்கும், அயனாவரம் மருத்துவமனையில் தொடர்ந்து பார்த்திருப்பார்கள். நாங்கள் தலைக்கு நூறு ரூபாய் பிரித்து அவன் அம்மாவுக்கு அனுப்பினோம். அது நிவாரணம் ஆகாது. அதன் பிறகு, இ.எஸ்.ஐ. எண் இல்லாத ஆள் கேட்டைத் தாண்டக் கூடாது என்று காவலரிடமே பட்டியல் கொடுத்துவிட்டேன்.

1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்து, இப்போது புதிய தொகுப்புச் சட்டத்திலும் இருக்கும் விதிப்படி, ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது நம் நிர்வாகம், கொடுத்துவிட்டு, ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டிய பணத்தில் பிடித்துக்கொள்ளலாம். இத்தனை ஆளுக்குக் குறைவு, சட்டம் பொருந்தாது என்று யாராவது வாதம் கொண்டுவருவார்கள். ஆகவே அதே வாசகத்தை ஒப்பந்தத்திலும் எழுதி வாங்குங்கள். மாநில விதிப்படி காப்புத்தொகை 5 சதவீதத்துக்கு மேல் கேட்க முடியாது. 60 லட்சத்துக்கு 3 லட்சம். 11 பேருக்கு ஆளுக்கு 14,000 என்று வைத்தால் இரண்டு மாதக் கூலி 3,08,000, ஏறக்குறைய அதே தொகை. அந்த அளவு காப்புத்தொகை கையில் இருந்திருந்தால் 2013இல் அந்த நான்கு பையன்களும் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அப்போது நாங்கள் வாங்கியிருந்தது 25,000 ரூபாய்.

சம்பளம் வங்கிக் கணக்கில், 7ஆம் தேதிக்குள். ஏ.டி.எம். அட்டையை ஒப்பந்ததாரரே வைத்துக்கொண்டு பணத்தை எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. மாதம் ஒருமுறை பையன்களைத் தனியே உட்காரவைத்து, செல்போனில் வந்த குறுஞ்செய்தியைக் காட்டச் சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அவர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். சிலிண்டர் இருக்கும் அறையில் யாரும் படுக்கக் கூடாது.

கேன்டீன் ஆட்களிடம் ரொம்ப நெருங்காதீர்கள், நாளைக்கு அரசு வேலை கேட்டு வழக்குப் போடுவார்கள் என்று சட்டப் பிரிவில் பயமுறுத்துவார்கள். பயத்துக்குக் காரணம் உண்டு. ரயில்வே கேன்டீன் தொழிலாளர்கள் ரயில்வே ஊழியர்களே என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு வேறு விதமாகவும் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. அவர்களை வேலைக்கு எடுப்பது, லீவு கொடுப்பது, யார் எந்த ஷிப்ட் என்று சொல்வது ஒப்பந்ததாரர் வேலையாக இருக்கட்டும். சம்பளம் போனதா என்று பார்ப்பது உங்கள் கடமை. அதைப் பார்க்காமல் இருப்பதற்கு இந்தப் பயத்தைச் சாக்காக வைக்காதீர்கள்.

உறை பிரித்த பிறகு

தகுதி விவரம் இருக்கும் தொழில்நுட்ப உறையைப் பிரித்து, விலை உறையைப் பிரிக்கும் முன், அவர்கள் இப்போது நடத்தும் கேன்டீனுக்குச் சொல்லாமல் போங்கள். மதியம் 12.30க்குப் போய்ப் பாத்திரம் கழுவும் இடத்தைப் பாருங்கள். சாப்பாட்டுக் கூடத்தை எல்லோரும் துடைத்து வைத்திருப்பார்கள். குறைந்த விலை போட்டவரின் கணக்கு உங்கள் சமையல் கணக்கைவிட மிகவும் கீழே இருந்தால், எப்படி முடியும் என்று எழுத்தில் விளக்கம் கேளுங்கள். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் காரணத்தை எழுதித் தள்ளுங்கள். தணிக்கையில் கேள்வி வரும், வரட்டும். உங்கள் கையில் எடை போட்ட கணக்கு இருக்கிறது.

உணவுப் பாதுகாப்பு உரிமம் உங்கள் வளாக முகவரிக்கு வாங்கியதாக இருக்க வேண்டும். வேறு கடைக்கு வாங்கிய 14 இலக்க எண்ணைச் சுவரில் ஒட்டுவது செல்லாது. எல்லா ஆட்களுக்கும் மருத்துவச் சான்று, டைபாய்டு ஊசி. சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் ஒன்றையும் விடாதீர்கள்.

நடத்தும் காலம்

கேன்டீன் குழுவில் நிர்வாகத்தரப்பும் தொழிலாளர்தரப்பும் சமமாக இருக்கட்டும். ஒரு பெண்ணாவது இருக்கட்டும். தினம் ஒருவர் சாப்பாடு தொடங்கும் முன் ருசி பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு கிண்ணம் எடுத்து 24 மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் எதனால் என்று அதிலிருந்துதான் தெரியும். சாதமும் குழம்பும் பரிமாறும் வரை 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். இரவு 1 மணி ஷிப்ட் இடைவேளைக்கு மாலை 6 மணிக்கே சமைத்து மூடி வைக்கும் பழக்கத்தை நிறுத்த எங்களுக்கு ஓராண்டு ஆயிற்று.

வாரம் ஒருநாள், எந்த நாள் என்று சொல்லாமல், பத்து இட்லியை ஒன்றாக நிறுங்கள். 450 கிராம் வர வேண்டும். 430 வரை பொறுங்கள், மாவு ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. அதற்குக் கீழே போனால் அபராதம். அபராதத்தைப் பையன்களின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

நம் பக்கத் தவறையும் சொல்ல வேண்டும். மானியத் தொகைக்கான பில்லை நாம் மூன்று மாதம் தூங்கவைத்துவிட்டு, சாம்பார் தண்ணி என்று மெமோ கொடுக்கிறோம். மார்ச்சில் நிதி முடிந்துவிட்டது, ஏப்ரலில் ஒதுக்கீடு வரவில்லை என்று ஜூன் வரை இழுக்கும். மளிகைக் கடைக்காரர் ஜூன் வரை கடன் தர மாட்டார். பில் வந்த 15 நாளில் பணம் என்று நீங்களும் ஒப்புக்கொண்டு எழுதுங்கள். மார்ச் பில்லுக்கு ஜனவரியிலேயே கோப்பு போடுங்கள். வணிக சிலிண்டர் விலை மாதாமாதம் 1ஆம் தேதி மாறும். அரிசியும் எண்ணெயும் சும்மா இருக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விலையைத் திருத்த வழி வையுங்கள். அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், பால், கேஸ் ஆகிய ஐந்தின் விலை டெண்டர் நாளில் என்ன, இன்று என்ன என்று பார்த்துக் குழு முடிவு செய்யலாம். இந்த வழி இல்லாத ஒப்பந்தத்தில் திருத்தம் இட்லியின் எடையில் தானாக நடந்துவிடும்.

ஒப்பந்தம் முடியும் மாதம்

முடிய ஐந்து மாதம் இருக்கும்போதே அடுத்த டெண்டர் வேலையைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் 'மறு உத்தரவு வரும் வரை' என்று நீட்டிப்பு மேல் நீட்டிப்பு வரும். விலை பழையதாகவே இருக்கும், தரம் இறங்கும். இரு தரப்புக்கும் 60 நாள் முன்னறிவிப்பு. திடீரென்று நின்றால் முதல் மூன்று நாளுக்கு யாரிடமிருந்து டீயும் டிபனும் வரும் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் பாத்திரத்தையும் டம்ளரையும் எண்ணி வாங்குங்கள். பையன்களின் கடைசி மாதச் சம்பளமும் பி.எஃப் சலானும் கையில் வந்த பிறகுதான் காப்புத்தொகையை விடுவியுங்கள். நன்றாக வேலை செய்த பையன்களைப் புதியவரும் வைத்துக்கொள்ள விரும்பினால் நல்லது. கேட்டுப் பாருங்கள், கட்டாயப்படுத்த முடியாது. எங்கள் டீ மாஸ்டர் ஒருவர் மூன்று ஒப்பந்ததாரர்களைப் பார்த்துவிட்டார். நைட் ஷிப்டில் யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று அவருக்குத்தான் தெரியும்.

புதியவர் தொடங்கும் முதல் காலை 5 மணிக்கு நீங்கள் அங்கே இருங்கள். பால் வண்டி வந்ததா, தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறதா, சிலிண்டர் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 6 மணி ஷிப்டோடு வரிசையில் நின்று டோக்கன் வாங்கிச் சாப்பிடுங்கள்.

தராசை உங்கள் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். உங்களுக்கு மாறுதல் வரும், சாவி யாரிடமோ போகும். நான் ஓய்வு பெற்ற அன்று அதைக் குழுவில் இருந்த துப்புரவுப் பிரிவுப் பெண்மணியிடம் கொடுத்துவிட்டு வந்தேன், இரண்டு பேட்டரியும் சேர்த்து. அடுத்த வாரமே போன் செய்தார். "எக்கா, பத்து இட்லி 440 கீது. விடலாமா?" விடலாம் என்றேன்.